தூவானமும் தெளிந்த தண்ணீரும்

ஒரு காட்டில் ஓர் ஆறு தூங்கித் தூங்கி ஓடிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கும்போது மட்டும் கொஞ்சம் விழித்துக்கொண்டு பாறைகளோடு வம்பு பண்ணும். சமவெளிக்கு வந்ததும் மூங்கில் நிழலை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் கண்ணயர்ந்துவிடும். மஞ்சாறு என்று அதற்குப் பெயர். விடிகாலையில் அதன்மேல் பனி படுத்திருக்கும். எழுந்து போக மனமில்லாமல், வெயில் ஏறும் வரை அங்கேயே கிடக்கும்.

குழந்தைகளே, அந்த ஆற்றில் ஒரு விந்தை உண்டு. காலையில் அது ஊதாவாக ஓடும். வெயில் ஏறினால் சிவப்பு. பொழுது சாயும்போது பச்சை. வலசை போகும் பறவைகள் மேலேயிருந்து பார்த்து, கனவில் வருகிற ஆறு இப்படித்தான் இருக்கும் என்று மயங்கிப்போகும். நீங்கள் பார்த்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மஞ்சாற்றில் தாழைமடு என்று ஓர் ஆழமான இடம். அங்கே ஒரு தாழம்புதரின் வேரடியில் தூவானம் என்ற தவளை குடியிருந்தது. அதற்கு மிகவும் மெல்லிய தோல். காற்று திசை மாறினால்கூட அதற்குத் தெரிந்துவிடும்.

கோடை முழுவதும் தூவானம் ஈர மண்ணுக்குள் புதைந்து தூங்கும். தூக்கத்தில் எப்போதும் ஒரே கனவு. மடு முழுக்கத் தலைப்பிரட்டைகள் கருகருவென்று நீந்தும். வாலை ஆட்டிக்கொண்டு வந்து அதன் வயிற்றில் முட்டும். கனவிலேயே தூவானம் சிரிக்கும். மேலே மண் லேசாக அசையும். மண்ணுக்கு என்ன வந்தது என்று நண்டுகள் தமக்குள் பேசிக்கொள்ளும்.

விழித்துப் பார்த்தால் மடுவில் ஒரு தலைப்பிரட்டைகூட இருக்காது. போன மழைக்கு அது முட்டையிட்டது. அதற்கு முந்தின மழைக்கும் இட்டது. நல்ல தவளை முட்டை வெந்த ஜவ்வரிசி மாதிரிக் கண்ணாடியாக இருக்கும், நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும். தூவானம் இட்டதெல்லாம் இரண்டே நாளில் வேகாத ஜவ்வரிசியாக வெளுத்துப்போயிற்று. புள்ளி வளரவே இல்லை. தூவானம் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. மிதந்து போகும் வரை உட்கார்ந்திருந்தது.

மடுவுக்குச் சற்று மேலே, கரையோரம், ஒரு சாயப்பட்டறை இருந்தது. அதை நடத்தியது சவ்வாது என்ற புனுகுப்பூனை. உடம்பிலும் வாசனை, பேச்சிலும் வாசனை. தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும் புல்லைக் கொண்டுவந்தால் சிவப்பாகவோ நீலமாகவோ தோய்த்துக் கொடுக்கும். மயிலைப் பார்த்தால், தோகையில் பச்சை கொஞ்சம் மங்கியிருக்கிறதே என்று கவலைப்பட்டு, அதன் தலையிலும் ஒரு தொட்டிச் சாயத்தைக் கட்டிவிடும்.

மலைக்கு அப்பாலிருந்து வரும் ஏதோ ஒரு கற்பொடியைக் கரைத்துத்தான் இத்தனை நிறமும் வந்தது. தோய்த்து முடிந்த கழிவு நீரைக் குரங்குகள் ஒரு வாய்க்கால் வழியாக ஆற்றில் திறந்துவிடும். குரங்குகளுக்கு வாழைப்பழம் கூலி. வாய் நிறையப் பழம் இருந்ததால் அவை எதையும் கேட்கவில்லை.

தண்ணீரில் கால் வைத்தால் எரிகிறது என்று தூவானம் காடு முழுக்கச் சொல்லிப் பார்த்தது. உனக்கு மெல்லிய தோல், எதைத் தொட்டாலும் எரியும் என்று எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்று கெண்டையன் என்ற நீர்நாய். எதற்கும் அவசரப்படும், ஆனால் மரியாதை தெரிந்த பிறவி. மீன்கள் எல்லாம் எங்கே போயின என்று அது வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது. இன்னொன்று மோனன் என்ற கொக்கு. அது பேசுவதே அபூர்வம்.

மூன்று பேரும் சேர்ந்து ஆற்றைச் சோதிக்கக் கிளம்பினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் தூவானம் கரையில் உட்கார்ந்து பின்னங்காலைத் தண்ணீருக்குள் விடும். நல்ல தண்ணீர் என்றால் அதன் கண் திறந்தபடி இருக்கும். கெட்ட தண்ணீர் என்றால் எரிச்சலில் தானாக மூடிக்கொள்ளும். பட்டறைக்கு மேலே, மலையடிவாரத்தில், கண் மூடவே இல்லை. அந்தத் தண்ணீர் அவ்வளவு இதமாக இருந்தது. இங்கேயே முட்டையிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தது. ஆனால் அங்கே நீரோட்டம் வேகமானது, இட்ட முட்டையை அடித்துக்கொண்டு போய்விடும். பட்டறைக்குக் கீழே வந்து காலை விட்டதும் இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன.

கெண்டையன் முங்கிப் பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டே மேலே வந்தது. மோனன் வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் ஒற்றைக்காலில் நின்றது. காலையில் நின்றது, பனி கலைந்தபோதும் நின்றது, மூங்கில் நிழல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோதும் நின்றது. பொழுது சாய்ந்ததும் வாயைத் திறந்து, "மடை திறந்தா தண்ணிமேல நடக்கிற பூச்சியெல்லாம் கரைக்கு ஓடுது" என்றது.

இவர்களைப் பார்த்துச் சவ்வாது கோபித்துக்கொள்ளவில்லை. வாங்க வாங்க என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றது. நன்றாகச் சோதியுங்கள், ஆறு நம் எல்லோருக்கும் பொதுதானே என்றது. போகும்போது ஆளுக்குக் கொஞ்சம் வாசனையும் பூசிவிட்டது. கெண்டையன் அதைக் கழுவ அரை நாள் உருண்டு புரண்டது.

காட்டில் வழக்கு என்றால் பெரியபிடியிடம்தான் போகவேண்டும். பெரியபிடி யானைக் கூட்டத்தின் தலைவி. நேர்மையானது, ஆனால் தன் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பும். யானைகள் மலைமேட்டில் சுனைநீர் குடித்துக்கொண்டிருந்தன. அதனால் மஞ்சாற்றில் என்ன ஓடுகிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

கெண்டையன் ஒரு சுரைக்குடுக்கையைத் தயார் செய்தது. வாய்க்கால் வாயிலேயே போய் ஊதாத் தண்ணீரை மொண்டு, குடுக்கையின் வாயை இலையால் அடைத்துத் தூக்கிக்கொண்டது. தூவானம் மோனனின் முதுகில் ஏறிக்கொண்டது. மலைப்பாதையில் மேகம் தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருந்தது. கொக்கின் முதுகு மெத்தென்றிருந்ததால் தூவானத்துக்குக் கண் சொருகியது. அரைத்தூக்கத்தில் அது ஒரே ஒரு கணக்குப் போட்டது. மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. மழை விழுந்தால் முட்டையைத் தள்ளிப்போட முடியாது. அதற்குள் வாய்க்காலை அடைத்துவிட்டால் இந்த வருஷம் பிள்ளைகள் பிழைக்கும். அடைக்காவிட்டால் இந்த வருஷமும் இல்லை.

மேட்டுக்குப் போனபோது சவ்வாது அவர்களுக்கு முன்பே வந்து, வாசனை கமகமக்கப் பெரியபிடியின் அருகே உட்கார்ந்திருந்தது. தூவானம் நடந்ததையெல்லாம் சொன்னது. பெரியபிடி பொறுமையாகக் கேட்டுவிட்டு, குடுக்கையை வாங்கி ஒரு பாறைக்குழியில் சாய்த்தது.

தண்ணீர் பளிங்காக இருந்தது.

தூவானத்துக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. மொண்டபோது ஊதாவாக இருந்த தண்ணீர் அது. யானைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பெரியபிடி முகர்ந்து பார்த்தது. எங்கும் சவ்வாதின் வாசனைதான். பாவம் தூவானம், தோல் அப்படி, அது வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை என்று சவ்வாது பரிந்து பேசியது. அந்தப் பரிவுதான் தூவானத்துக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

தூவானம் தத்திப்போய்க் குடுக்கைக்குள் எட்டிப் பார்த்தது. அதைக் கவிழ்த்துத் தட்டும்படி கெஞ்சியது. தட்டியபோது அடியிலிருந்து ஊதாவும் சிவப்புமாகக் கொழகொழவென்று கசடு வழுக்கி விழுந்தது.

சவ்வாது பதறவில்லை. "வழியிலே நீங்களே இதை உள்ளே போட்டிருக்கலாமே. யாரு பார்த்தா?" என்றது.

அப்போதுதான் கெண்டையன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தது. "தப்பு என் மேலதாம்மா. உங்களுக்குக் கொண்டு போற தண்ணியாச்சேன்னு, மொள்றதுக்கு முன்னாடி குடுக்கைக்குள்ள தேற்றாங்கொட்டையைத் தேச்சுட்டேன்."

அந்தக் காட்டில் அது ஒரு வழக்கம். தேற்றா மரத்துக் கொட்டையை உரசிய பாத்திரத்தில் கலங்கல் நீரை ஊற்றினால் கசடெல்லாம் அடியில் போய்ப் படுத்துவிடும், மேல்நீர் தெளிந்துவிடும். பெரியவர்களுக்குக் கலங்கலான நீரைக் கொடுப்பது மரியாதை இல்லை என்று எல்லா வீட்டிலும் சொல்லித்தான் வளர்ப்பார்கள். கெண்டையனும் நல்ல வளர்ப்பு. திருடனைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள், போகும் வழியில் அவனுக்கு முகம் கழுவித் தலை வாரிவிட்டால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஆயிற்று. தூவானத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கெண்டையனைத் திட்டவும் மனம் வரவில்லை.

பெரியபிடி குடுக்கையை ஓரமாக நகர்த்தி வைத்தது. "புகார் சொல்றவங்க கையால கொண்டு வந்ததை நான் சாட்சியா எடுத்துக்க முடியாது. மலையிலே மழைமேகம் கூடுற அன்னைக்கு நானே மடுவுக்கு வர்றேன். அதுவரைக்கும் நீங்க மூணு பேரும் அந்தத் தண்ணியைத் தொடக்கூடாது. தொட்டா, நீங்களே கலக்கிவிட்டதா ஆயிடும்" என்றது.

சவ்வாது பணிவாக வணங்கிவிட்டுக் கிளம்பியது. ஆனால் தேற்றாங்கொட்டை என்ற சொல் காதில் விழுந்தபோதே அதன் மீசை துடித்ததை மோனன் பார்த்திருந்தது. பார்த்ததை அது யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் குரங்குகளுக்குப் புது வேலை. காட்டிலிருந்த தேற்றா மரத்தையெல்லாம் உலுக்கி, கொட்டைகளைப் பொறுக்கி, கல்லில் உரசிப் பொடியாக்கின. கூடை கூடையாக மடுவில் கொட்டின. வாய்க்காலிலும் கொட்டின. தூவானம் தாழை வேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தொட அதற்கு அனுமதி இல்லை.

பார்க்கப் பார்க்க மடு மாறியது. ஊதாவும் சிவப்பும் புகையாகத் திரண்டு, சுழன்று, மெல்ல மெல்லக் கீழே இறங்கின. அந்தி வானம் தண்ணீருக்குள் விழுந்து அமுங்குவதைப் போல இருந்தது. இறங்கியதன் மேல் குரங்குகள் வெள்ளை மணலைத் தூவின. கடைசியில் மடு கண்ணாடி ஆகிவிட்டது. மேகம் அதில் மிதந்தது. மூங்கிலின் ஒவ்வொரு இலையும் தலைகீழாக அதற்குள் ஆடியது. அவ்வளவு அழகான தண்ணீரைத் தூவானம் கனவில்கூடப் பார்த்ததில்லை.

எல்லாம் சரியாகிவிட்டதோ என்று அதற்கே ஒரு மயக்கம் வந்தது. ஒருவேளை தன் தோல்தான் அப்படியோ. இந்தத் தெளிந்த நீரில் முட்டையிட்டால் இந்த முறை பிழைத்துவிடுமோ. பக்கத்தில் நின்ற மோனனிடம், "அண்ணே, அதெல்லாம் போயிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டது.

மோனன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போகலை. படுத்திருக்கு" என்றது.

தூவானத்தின் மயக்கம் கலைந்தது. இனி யாரிடம் போய் என்னவென்று சொல்வது? மேலே பார்த்தால் பளிங்கு, அடியில் வெள்ளை மணல். பெரியபிடி கண்ணால் பார்த்ததை நம்பும். கண்ணால் பார்க்க ஒன்றுமே இல்லை. நானே குதித்து அடியைக் கலக்கிவிடுகிறேன் என்று கெண்டையன் துடித்தது. தூவானம் வேண்டாம் என்று தடுத்துவிட்டது. கெண்டையன் ஒரு விரலை நனைத்தாலும் வழக்கு முடிந்தது.

ஒரு நாள் மலைமேல் மேகம் கூடியது. காற்றில் ஈரம் வந்தது. தூவானத்தின் வயிறு கனத்துக் கிடந்தது. நிலம் அதிர, கூட்டத்தோடு பெரியபிடி வந்து சேர்ந்தது.

சவ்வாது கரை முழுவதும் வாசனை தெளித்து வைத்திருந்தது. தாழம்பூ மணம் மூக்கைத் துளைத்தது. பெரியபிடி மடுவின் ஓரத்தில் நின்று உற்றுப் பார்த்தது. அடியில் கிடந்த வெள்ளை மணல்வரை தெரிந்தது. குடிக்கவே நல்ல தண்ணீர் அம்மா என்றது சவ்வாது. பிறகு துதிக்கை நுனியை மேல்நீரில் நனைத்து வாயில் வைத்துப் பார்த்தது. கொஞ்சம் துவர்ப்பு, அது கொட்டையின் துவர்ப்பு. வேறு குறை ஒன்றும் தெரியவில்லை.

குரங்குகள் மரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தீர்ப்பை யோசித்துக்கொண்டே பெரியபிடி பாதையிலிருந்த புழுதியைத் துதிக்கையால் வாரித் தன் முதுகில் போட்டுக்கொண்டது. வந்த களைப்பு. யானைகளுக்கு அது தன்னையறியாமல் வரும் பழக்கம்.

தூவானம் அதைப் பார்த்தது. அதன் மனதில் ஒரு யோசனை வந்தது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது. அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று அந்தக் காட்டிலேயே நன்றாகத் தெரிந்தது அதற்குத்தான். தெரிந்திருந்தும் இன்னொரு பிராணியை அதற்குள் இறங்கச் சொல்லலாமா? வயிற்றுக்குள் முட்டைகள் கனத்தன. மேகம் இருட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, ஒரு வார்த்தை" என்றது தூவானம். "தண்ணி தெளிவாத்தான் இருக்கு, நானும் பார்க்கிறேன். இவ்வளவு தூரம் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்திருக்கீங்க. தீர்ப்பைச் சொல்றதுக்கு முன்னாடி இறங்கிக் குளிச்சிட்டு வாங்க. குட்டிங்க வேணாம். நீங்க மட்டும் இறங்குங்க."

சவ்வாதின் வால் ஆடுவது நின்றுபோயிற்று. தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சியாயிற்றே என்று அது இழுத்தது. யானைக்கு ஏது குளிர் என்றது பெரியபிடி. நல்ல தண்ணீரைச் சேறாக்குவானேன் என்றது சவ்வாது. சேறு இல்லாமல் என்ன குளியல் என்றது பெரியபிடி. மழை வருகிறதே, நனைந்துவிடுவீர்களே என்று சவ்வாது சொன்னபோது மரத்தின் மேலிருந்த குரங்கு ஒன்றுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பெரியபிடி திரும்பிச் சவ்வாதைப் பார்த்தது. "குடிக்கிறதுக்கு நல்ல தண்ணின்னு நீதானே சொன்னே. குளிக்கிறதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கிறே?"

சவ்வாது ஓர் அடி பின்னால் நகர்ந்தது.

பெரியபிடி மடுவுக்குள் இறங்கியது. முதல் அடி வைத்ததும் வெள்ளை மணல் கிழிந்து, காலடியிலிருந்து ஓர் ஊதா மேகம் எழுந்தது. அடுத்த அடிக்குச் சிவப்பு. நடுவில் போய் நின்றதும், அத்தனை நாளாக அடியில் அமுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பிக் கருமையாகச் சுழன்றது. தாழம்பூ வாசனையை மீறிக்கொண்டு ஒரு நாற்றம் மேலே வந்தது. குட்டிகள் பின்வாங்கின. ஆனால் பழக்கம் யாரை விட்டது? பெரியபிடி நின்ற இடத்திலேயே அடிச்சேற்றைத் துதிக்கை நிறைய வாரியது.

யானையின் முதுகுத்தோல் தடிப்பு. துதிக்கை நுனி அப்படியில்லை. உள்ளே தவளைத் தோல் மாதிரி மென்மை.

பெரியபிடி பிளிறிய பிளிறலில் மூங்கில் புதரிலிருந்த பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. அது சேற்றை உதறிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தது. துதிக்கையைப் புல்லில் தேய்த்தது, மண்ணில் தேய்த்தது. எரிச்சல் அடங்கவில்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வடிந்தது. கெண்டையன் ஓடிப்போய்ப் பட்டறைக்கு மேலிருந்து நல்ல தண்ணீர் மொண்டுவந்து துதிக்கைமேல் ஊற்றியது. இந்த முறை எதையும் தேய்க்கவில்லை.

தூவானம் அருகே போய்த் தலை குனிந்து நின்றது. "எரியும்னு தெரிஞ்சேதான் இறங்கச் சொன்னேன். எனக்கு வேற வழி தெரியலை. என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"நீ வாய்விட்டுச் சொன்னியே. எரியுதுன்னு எத்தனை தடவை சொன்னே" என்றது பெரியபிடி. "நான் தண்ணியோட நிறத்தைப் பார்த்தேனே தவிர, உன் பேச்சைக் கேட்கலை."

சவ்வாது மெல்ல நழுவப் பார்த்தது. குட்டி யானைகள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. குரங்குகள் ஒவ்வொன்றாக மரத்திலிருந்து இறங்கிவந்து, தோல் உரிந்து வெளுத்துப்போன தங்கள் உள்ளங்கைகளைப் பெரியபிடியின் முன் நீட்டின. பழத்தோடு அந்த வலியையும் சேர்த்துத்தான் இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தன.

தீர்ப்புக்கு நேரம் ஆகவில்லை. வாய்க்கால் அன்றைக்கே பாறைகளால் அடைபட்டது. தொட்டிகள் காலியாகக் கவிழ்த்துப் போடப்பட்டன. மடுவின் அடிக்கசடை மழை வருவதற்குள் வாரி, மேட்டிலே ஒரு பாறைக்குழியில் கொட்டி மூடவேண்டும் என்றும், வாருவது சவ்வாதின் வேலை என்றும் பெரியபிடி சொன்னது. யானைகள் கூட நின்று மரக்கிளைகளால் கசடைக் கரைக்குத் தள்ளிக் கொடுத்தன. இனி சவ்வாது எங்கே போனாலும் தாகம் எடுத்தால் இந்த மடுவுக்குத்தான் வரவேண்டும், வேறெங்கும் ஒரு வாய் குடிக்கக்கூடாது என்பது தீர்ப்பின் கடைசிப் பகுதி.

அன்று முதல் மஞ்சாற்றைச் சவ்வாதைப் போலக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. யாராவது ஒரு சருகைப் போட்டால்கூடச் சண்டைக்கு வந்துவிடும். தான் குடிக்கிற தண்ணீர் ஆயிற்றே.

வேலை முடிவதற்குள் மழை வந்துவிட்டது. கசடில் ஒரு பங்கு அடியிலேயே தங்கிப்போயிற்று. தூவானத்தால் காத்திருக்க முடியவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அது தாழை வேர்களுக்கு நடுவே முட்டையிட்டது. பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. கெண்டையனும் மோனனும் வந்து பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

இரண்டாம் நாள் ஓரத்து முட்டைகள் வெளுக்கத் தொடங்கின. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். தூவானம் சாப்பிடவில்லை. ஆறு இரு கரையும் தொட்டு, மண்ணின் நிறத்தில், வெறும் மண்ணின் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மழை சில நேரம் தூறியது, சில நேரம் கொட்டியது. விழிப்பா தூக்கமா என்று தெரியாத ஒரு மயக்கத்தில் தூவானம் உட்கார்ந்திருந்தது.

மழை விட்ட ஒரு காலையில், நடுவிலே வெளுக்காமல் மிஞ்சியிருந்த ஒரு பிடி முட்டைகளில், ஒரு கரும்புள்ளி நெளிந்தது. அதற்கு வால் இருந்தது. அது சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சற்று நின்று, பிறகு கலங்கிய தண்ணீருக்குள் தன்பாட்டுக்கு நீந்திப் போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. தூவானம் வாய்விட்டு அழுதது.

நீதி: மேலே தெளிந்திருப்பதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. வலிக்கிறது என்று சொல்பவரின் பேச்சைக் கேட்டு, அடிவரை கலக்கிப் பார்த்துச் சொல்.